'வாங்க' என்று மட்டும்

எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்து பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும். பாவாத்தாள் திடீரென்று சத்தமாக, "சீ, போ நாயே!" என்றாள்.

மற்ற ஐந்து பேரும் கண்ணைத் திறந்து நாயைத் தேடினார்கள். உள்ளே நாய் எதுவும் இல்லை. அங்கே இருக்கிற ஒரே நாய் வெளியே வேப்பமரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தது. பாவாத்தாள் மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. வாய்விட்டுச் சொல்லிவிட்டோம் என்பதே அவளுக்குத் தெரியாது.

அரை மணி நேரம் முடிந்ததும் சாமியம்மா வழக்கம்போல, "போதும்" என்றார். எல்லோரும் பாயைச் சுருட்டினார்கள்.

காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு கரட்டின் அடிவாரத்தில் பழைய பருத்திக் கிட்டங்கி ஒன்று இருந்தது. அதைக் கூட்டிப் பெருக்கி அங்கே குடியிருந்தார் சாமியம்மா. வயது நாற்பதைத் தொட்டிருக்காது. ராமநாதபுரத்துக் கடற்கரைப் பக்கம் சொந்த ஊர். காவி கட்ட மாட்டார், பஜனை கிடையாது, விபூதிகூடத் தர மாட்டார். காலை ஆறு மணிக்குப் போனால் அரை மணி நேரம் சும்மா உட்காரலாம். அவர் சொல்லித்தந்ததும் கொஞ்சம்தான். மூச்சைக் கவனிக்க வேண்டும். நினைப்பு வந்தால், வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மறுபடி மூச்சுக்குத் திரும்ப வேண்டும். தினமும்.

ஒரு சுண்டல்கூடக் கிடைக்காத இடத்துக்கு ஆறு பேர் விடாமல் வந்ததே அதிசயம்தான்.

அந்த ஆறு பேரில் மூத்தவள் பாவாத்தாள். ஐம்பத்தொன்பது வயது. பதினோரு மாதமாக ஒரு நாள் தவறியதில்லை. வருவாள், உட்காருவாள், எழுந்து போவாள். ஒரு கேள்வி கேட்டதில்லை.

கொங்குப் பக்கத்தில் பெற்ற பிள்ளையையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார்கள். பாவாத்தாள் அதிலும் ஒரு படி மேலே. வாசலில் படுத்திருக்கிற நாயைப் பார்த்து, "சித்த தள்ளிப் படுங்க சாமி" என்பாள். அவளுக்கு நாயும் சாமி, குருவும் சாமி. நாயும் தள்ளிப் படுக்கும்.

அன்றைக்கு மற்றவர்கள் போன பிறகும் அவள் போகவில்லை. பாயை வைத்துவிட்டு, தூணோரமாக வந்து நின்றாள்.

"சாமி, ஒன்னு கேக்கோணுங்க."

"கேளுங்கம்மா."

"ஒரு நெனப்பை அடியோட புடுங்கி வீசறதுக்கு என்னங்க பண்ணோணும்?"

"என்ன நினைப்பு?"

பாவாத்தாள் தரையைப் பார்த்தாள். "அதைச் சொல்ல முடியாதுங்க."

"சரி. எப்ப வருது?"

"எப்ப வேண்ணாலும் வருதுங்க. துணி தொவைக்கறப்ப வருது. சோறு பெசையறப்ப வருது. இங்க வந்து உக்காந்தா மொத ஆளா வந்து நிக்குதுங்க. தோட்டத்துல கோரை மொளைக்குமல்லங்க, அதாட்ட. மேல புடுங்கினா அடியில கெழங்கு நின்னுக்குது. மூணு மாசமா வெரட்டறனுங்க."

"என்ன சொல்லி விரட்டுறீங்க?"

"வாய்க்கு வந்ததைச் சொல்லித்தானுங்க."

"இன்னைக்கு 'போ நாயே'ன்னு சொன்னீங்க. எல்லாருக்கும் கேட்டுச்சு."

பாவாத்தாளுக்கு முகம் செத்துப்போயிற்று. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"அய்யோ, அத்தனை பேரும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. நாயைத் தேடினாங்க."

சாமியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவும் இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஏம்மா, வெளியில படுத்திருக்கிற நிஜ நாயை 'ங்க' போட்டுக் கூப்பிடுறீங்க. உள்ள வர்றதை மட்டும் நாய்னு வையறீங்க."

"அது வேறைங்க சாமி. இந்த நாய் நல்ல நாய்."

"அதுவும் நல்லதுதான்னு நான் சொல்லலை. நாளையிலருந்து அது வந்தா 'வாங்க'ன்னு சொல்லுங்க."

"வாங்கன்னா?"

"'வாங்க'ன்னு மட்டும்."

"வெரட்டறதே போக மாட்டேங்குது. வாங்கன்னு வேற கூப்புடறதுங்களா?"

"நீங்க கூப்பிடலையேம்மா. அதுவா வந்திருச்சு. வந்ததைப் பார்த்து 'வாங்க'ங்கறோம். அவ்வளவுதான்."

பாவாத்தாளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் குரு சொன்ன சொல். "சரீங்க. போயிட்டு வர்றனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். போகும்போது நாயிடமும் சொல்லிக்கொண்டு போனாள்.

வீட்டில் சென்னியப்பன் படுக்கையில் இருந்தார். அவளுடைய கணவர். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுவருஷமே பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நாலு வருஷமாகக் கட்டில்தான். பேச்சும் போய்விட்டது. ஒரு வார்த்தை சொல்ல ஒரு நிமிஷம் ஆகும், அதுவும் பாதிதான் வரும். ஆனால் கண் மட்டும் பழைய கண். முன்னால் போகிறதையும் பின்னால் வருகிறதையும் சேர்த்துப் பார்த்துப் பழகிய டிரைவர் கண். அதன் பார்வைக்கு எதுவும் தப்பாது.

ஒரே மகள் ஓசூரில். மாதம் ஒரு முறை வருவாள். மீதி நாளெல்லாம் குளிப்பாட்டுவது, துடைப்பது, திருப்பிப் படுக்கவைப்பது, ஊட்டுவது எல்லாம் பாவாத்தாள்தான். காலையில் அவள் கிட்டங்கிக்குப் போகிற நேரம் மட்டும் பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்துக்கொள்வாள். அந்த அரை மணி நேரம் கிடைக்கத்தான் அவள் தியானத்துக்கே போகத் தொடங்கினாள் என்று தெருவில் பேச்சு. அதுவும் முழுப் பொய்யில்லை.

தினமும் உட்கார உட்கார, உள்ளே ஓடுவதெல்லாம் அவளுக்குத் தெரியத் தொடங்கிற்று. தெரிந்ததில் ஒன்றைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மூன்று மாதமாக ஒரு மாற்றம். ஊட்டும்போது அவள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. தட்டைப் பார்ப்பாள். இல்லாவிட்டால் சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரைப் பார்ப்பாள். கரண்டி மட்டும் பழக்கத்தில் வாய்க்குப் போகும்.

சென்னியப்பன் அதைக் கவனித்தார். முதலில் ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்தார். பிறகு மதியத்தில் நாலு வாய்க்குமேல் திறக்கவில்லை.

மூன்று நாள் கழித்து, எல்லோரும் எழுந்து போனதும் பாவாத்தாள் மறுபடி தூணோரமாக வந்து நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"என்னம்மா?"

"நீங்க சொன்னாப்பிடியே வாங்கன்னு சொன்னனுங்க."

"ம்."

"வந்துட்டுப் போகவே மாட்டேங்குதுங்க. முன்னாடியாவது வெரட்டுனா ஒரு மணி நேரம் கழிச்சு வரும். இப்ப காலையில வந்தா பொழுது சாயற வரைக்கும் இருக்குதுங்க."

"'வாங்க'ன்னு சொன்னீங்க. அப்புறம் என்ன சொன்னீங்க?"

"உக்காருங்கன்னு சொன்னனுங்க."

சாமியம்மா அவளை உற்றுப் பார்த்தார். "நான் 'வாங்க'ன்னு மட்டும்தானே சொல்லச் சொன்னேன்?"

"ஏனுங்க சாமி, வீட்டுக்கு வந்த ஒறம்பரையை வாங்கன்னுட்டு நிக்க வெச்சா என்ன நெனைப்பாங்க?"

ஒறம்பரை என்றால் அந்தப் பக்கத்தில் விருந்தாளி. வாங்க என்ற சொல்லுக்குப் பின்னால் உட்காருங்க, தண்ணி குடிங்க, சாப்பிட்டுத்தான் போகணும் என்று ஒரு ஊர்வலமே வரும். ஒன்றைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட அந்த ஊரில் யாருக்கும் வாய் வராது.

"சரி, உக்காரச் சொன்னீங்க. அப்புறம்?"

"எங்கிருந்து வர்றீங்கன்னு கேட்டனுங்க."

"கேட்டீங்களா!"

"கேக்காம? எப்ப மொதல்ல வந்தீங்க, எதுக்கு வந்தீங்க, நான் என்ன பாவம் பண்ணுனேன் எங்கிட்ட வர்றீங்கன்னு கேட்டனுங்க. அது சொல்லுச்சு. அவரு ஆஸ்பத்திரியில இருந்தப்பவே வந்தேங்குது. அதுக்கும் முன்னாடியே, கல்யாணமான புதுசுல உன்னை ஒருவாட்டி அடிச்சாரல்ல, அன்னைக்கே எட்டிப் பாத்தேங்குது. நான் இல்லைங்கறேன். அது ஆமாங்குது. இப்பிடியே பேசிட்டே இருந்ததுல அடுப்புல பருப்பு தீஞ்சுபோச்சுங்க."

சாமியம்மா சிரித்தார். சின்னச் சிரிப்பில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பாவாத்தாள் முதலில் முறைத்தாள். பிறகு அவளுக்கும் உதட்டோரம் கொஞ்சம் தளர்ந்தது.

"சிரிக்காதீங்க சாமி. நான் அங்க செத்துட்டிருக்கறேன்."

"உங்களைப் பார்த்துச் சிரிக்கலைம்மா. எனக்கு உங்க மேல ஆசையா இருக்கு. உக்காருங்க."

பாவாத்தாள் உட்கார்ந்தாள்.

"எங்க அம்மா மீன் அறுத்து விக்கிறவ" என்றார் சாமியம்மா. "வாசல்ல அருவாமணையைப் போட்டு உக்காந்திருப்பா. போற வர்ற சனமெல்லாம் அங்கதான் நிக்கும். யார் வந்தாலும் நிமிர்ந்து மூஞ்சியைப் பார்த்து 'வா'ம்பா. எங்க ஊர்ல 'ங்க' எல்லாம் கிடையாது, சாமியையே வா போன்னுதான் கூப்பிடுவோம். 'வா'ன்னு சொல்லிட்டு அவ பாட்டுக்கு அறுத்துக்கிட்டு இருப்பா. வந்தவங்க கொஞ்ச நேரம் நிப்பாங்க. அப்புறம் போவாங்க."

"உக்காரச் சொல்ல மாட்டாங்களா?"

"மாட்டா."

"மரியாதையில்லாத சனமுங்க" என்றாள் பாவாத்தாள். சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நிமிர்ந்து பார்த்துத்தானேம்மா 'வா'ங்கறா. பார்க்காம சொன்னாத்தான் மரியாதை இல்லை."

"அப்ப, பாத்து வாங்கன்னு சொல்லோணும். ஆனா தண்ணிகூடக் குடுக்கப்படாது."

"அதேதான்."

"எங்களாட்டம் ஆளுகளுக்கு இது ரொம்பச் சிரமமுங்க சாமி" என்று எழுந்தாள் பாவாத்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் நன்றாகத்தான் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் வரவில்லை. நாலாம் நாளும் வரவில்லை. பதினோரு மாதத்தில் அதுதான் முதல் முறை. அரை மணி நேரம் முடிந்தபிறகு சாமியம்மா வாசலுக்கு வந்து மண்பாதையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஐந்தாம் நாள் பகல் பதினோரு மணிக்கு வந்தாள். தலைகூடச் சீவியிருக்கவில்லை. சாமியம்மா தொட்டியோரமாகக் கோரைப்பாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். பாவாத்தாள் அவர் எதிரில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க வூட்டுக்காரரு வாயே தொறக்க மாட்டேங்கறாருங்க சாமி."

"எத்தனை நாளா?"

"ரெண்டு நாளா ஒரு பருக்கை எறங்கலைங்க. தண்ணி மட்டும், அதுவும் பக்கத்து வீட்டம்மா குடுத்தாத்தான். நான் கரண்டியைக் கொண்டு போனா உதட்டை இறுக்கிக்கறாரு. டாக்டர் வந்து பாத்தாருங்க. முழுங்கறதுல ஒன்னும் கோளாறில்லை, மனசுதான்னாரு. நாளைக்குள்ள சாப்புடலைன்னா மூக்கு வழியா கொழாய் போட்டாகோணும்ங்கறாரு. அவருக்குக் கொழாய்னா பயமுங்க. ஆஸ்பத்திரியில போட்டப்பவே ஒரு கையால புடுங்கி வீசுனவரு."

"ஏன் சாப்பிட மாட்டேங்கறார்?"

தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் அவரு மூஞ்சியைப் பாக்கறதில்லைங்க. மூணு மாசமாச்சு. எனக்கு அருவருப்புன்னு நெனச்சுட்டாருங்க."

"ஏன் பார்க்கறதில்லை?"

"அந்த நெனப்புதானுங்க."

சாமியம்மா கையிலிருந்த பாயைக் கீழே வைத்தார்.

"ஒரு நாள் அவரு படுக்கை விரிப்பைத் தொவைச்சுப் புழிஞ்சுட்டிருந்தனுங்க" என்றாள் பாவாத்தாள். குரல் இறங்கிப்போயிருந்தது. "அன்னைக்கு நாலாவது விரிப்பு. கைவலி. அப்ப நெனச்சனுங்க. இவரு போய்ச் சேந்துட்டாத் தேவலைன்னு நெனச்சனுங்க. என்ற புருசனை நானே சாகோணும்னு நெனச்சேன். அதுக்கப்பறம் அவரு மூஞ்சியைப் பாத்தா அதே வந்து நிக்குது. அவரு கண்ணு பொல்லாத கண்ணுங்க. எம்மூஞ்சியில அது தெரிஞ்சுருமோன்னு திரும்பிக்கறேன். நான் மனுசியே இல்லைங்க சாமி."

சொல்லி முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். சாமியம்மா தொடவில்லை, தேற்றவில்லை. அழுகை தணியும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

பிறகு கேட்டார். "'நெனச்சேன்'னு சொல்றீங்க. நீங்க நெனச்சீங்களா, அது வந்துச்சா?"

"ரெண்டும் ஒன்னுதானுங்களே."

"இப்ப எனக்கு ஒன்னு வந்துச்சு. சொல்லட்டுமா?"

"சொல்லுங்க சாமி."

"'இந்த அம்மா எப்ப எந்திரிச்சுப் போகும், வெயில் இருக்கும்போதே பாயைக் காயப்போடணும்'னு வந்துச்சு."

பாவாத்தாள் திடுக்கிட்டுப் பாதி எழுந்துவிட்டாள். "அய்யோ, நான் வேண்ணா பொழுதோட வர்றனுங்க..."

"உக்காருங்கம்மா. வந்துச்சுன்னுதான் சொன்னேன். உங்களைப் போங்கன்னு சொல்லலையே."

பாவாத்தாள் நின்றவாக்கில் அவரைப் பார்த்தாள். கழுவாத பாய் இன்னும் நாலு கிடந்தது. சாமியம்மா அவற்றின் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவள் மெதுவாக மறுபடி உட்கார்ந்தாள்.

"உங்களுக்குமா சாமி இந்த மாதிரியெல்லாம் வருது?"

"எனக்கு வராதுன்னு யார் சொன்னா?"

"நீங்க இத்தனை வருசமா உக்கார்றீங்களே."

"உக்கார்றதால வராம இருக்காதும்மா. வர்றது தெரியும்."

சாமியம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். அவர் தன்னைப் பற்றிப் பேசிக் கேட்டவர்கள் குறைவு. இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

"எங்க குருவை ஒன்பது வருஷம் நான்தான் பார்த்துக்கிட்டேன். கடைசி மூணு வருஷம் அவரும் படுக்கைதான். தினமும் காலையில வெந்நீர் போடணும். விறகடுப்பு. மழைக்காலத்துல விறகு ஈரமா இருக்கும், ஊதி ஊதிக் கண்ணு போயிரும். ஒரு நாளும் அலுத்துக்கிட்டதில்லை. அவர் மேல எனக்கு உசுரு."

"ம்."

"ஒரு நாள் காலையில பத்து மணி இருக்கும். என் மடியில தலையை வச்சிருந்தார். மூச்சு ஒன்னு வந்துச்சு. அடுத்தது வரலை. அப்ப எனக்கு வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா?"

பாவாத்தாள் தெரியாதென்று தலையை ஆட்டினாள்.

"'இனிமே வெந்நீர் போட வேண்டாம்.'"

பாவாத்தாளின் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. வேப்பமரத்தில் ஒரு காகம் இரண்டு முறை கத்திவிட்டு ஓய்ந்தது.

"அழுகை வரலை. அவர் முகம்கூடக் கண்ணுக்குத் தெரியலை. முதல்ல அதுதான் வந்துச்சு."

"அந்த நெனப்பை என்னங்க சாமி பண்ணுனீங்க?"

"அதை ஒன்னும் பண்ணலை. அது வந்து பக்கத்துல நின்னுச்சு. நான் எந்திரிச்சுப் போய் வெந்நீர் போட்டேன். அவரைக் குளிப்பாட்டணும்ல."

பாவாத்தாள் மறுபடி அழுதாள். இந்த முறை அவள் தனக்காக அழவில்லை. எதிரில் இருக்கிற, தன் மகள் வயதிருக்கிற, ஈரச்சேலைக்காரிக்காக அழுதாள். கையை நீட்டி அவர் முழங்காலைத் தொட்டாள். சாமியம்மா அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"தண்ணி காயற வரைக்கும் நல்லா அழுதேன்" என்றார்.

பிறகு பாவாத்தாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அவருக்கு சோத்து நேரமாச்சுங்க" என்றாள். சாமியம்மா பாயைக் கையில் எடுத்தார்.

வீட்டுக்குப் போய் அரிசிம்பருப்புச் சோறு குழைய ஆக்கினாள். கொஞ்சம் நெய் விட்டு மசித்தாள். தட்டை எடுத்துக்கொண்டு கட்டிலோரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். சென்னியப்பன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார்.

கரண்டியில் சோற்றை எடுக்கும்போதே அது வந்துவிட்டது. பழைய வாசகம், ஒரு எழுத்து மாறவில்லை. காலண்டரைப் பார்க்கலாம் என்று கழுத்து திரும்பிற்று.

வாங்க, என்று மனசுக்குள் சொன்னாள்.

உட்காருங்க என்று அடுத்த சொல் நாக்கு நுனிவரை வந்தது. கையில் கரண்டி இருந்தது. சோற்றிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"மாமா" என்றாள். "இந்தப் பக்கம் திரும்புங்க."

அவர் திரும்பவில்லை. அவள் இடது கையால் அவர் கன்னத்தைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். மூன்று மாதம் கழித்து அவர் முகத்தைப் பார்த்தாள். தாடை ஒட்டிப்போயிருந்தது. ஷேவ் பண்ணிவிட்டவளே அவள்தான், இருந்தும் அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"உங்களைப் பாத்தா எனக்கு அருவருப்புன்னு நெனச்சுட்டீங்களா?"

கண் அவளையே பார்த்தது. ஓரத்தில் தண்ணீர் கட்டி, இறங்கித் தலையணைக்குப் போயிற்று.

"அது இல்லீங்க மாமா. அது ஒரு நாளும் இல்லீங்க." அவள் கண்ணை எடுக்கவில்லை. "உங்களைப் பாக்கறப்ப எனக்கு ஒரு நெனப்பு வருதுங்க. நீங்க போய்ச் சேந்துட்டாத் தேவலைன்னு வருதுங்க. இப்பக்கூட வந்து நிக்குது. அது உங்களுக்குத் தெரிஞ்சுரும்னு பயந்துட்டுத்தானுங்க நான் பாக்கலை."

சொல்லிவிட்டாள். இனி திரும்ப எடுக்க முடியாது. சென்னியப்பன் வெகுநேரம் அவளைப் பார்த்தார். பிறகு அவருடைய உதடு ஒரு சொல்லுக்காகக் கோணத் தொடங்கிற்று. அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பாவாத்தாள் வந்தாள். நாயைத் தள்ளிப் படுக்கச் சொன்னாள். மற்ற ஐந்து பேரோடு அரை மணி நேரம் உட்கார்ந்தாள். "போதும்" என்றதும் எல்லோரும் போனார்கள். அவள் தூணோரமாக வந்து நிற்கவில்லை. நேராகச் சாமியம்மாவுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அவருகிட்டச் சொல்லிட்டனுங்க சாமி."

"எதை?"

"அதைத்தானுங்க. அப்பிடியே சொல்லிட்டேன்."

சாமியம்மா கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். கணவரிடம் சொல்லும்படி அவர் சொல்லியிருக்கவில்லை. "அவர் என்ன சொன்னார்?"

"ஒரே வார்த்தைங்க. அதைச் சொல்லறதுக்குள்ள அவருக்கு வேர்த்துப்போச்சு. 'எனக்குந்தா'ன்னாருங்க."

சாமியம்மா இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

"அதுதானுங்க எனக்கு வெளங்கலை" என்றாள் பாவாத்தாள். "எனக்குந்தான்னா என்னங்க அர்த்தம்? தான் போய்ட்டாத் தேவலைன்னு அவருக்கும் வருதுங்களா? இல்ல, நான் போய்ட்டாத் தேவலைன்னு வருதுங்களா? நாலு வருசமா எங்கையில மாட்டிட்டு அவரும் என்ன பாடு பட்டாரோ."

"நீங்க கேக்கலையா?"

"கேக்கோணும்னுதானுங்க வாயெடுத்தேன். அதுக்குள்ள அவரு வாயைத் தொறந்துட்டாருங்க."

"எதுக்கு?"

"சோத்துக்குத்தானுங்க. ஊட்டிட்டேன்."

"எவ்வளவு சாப்பிட்டார்?"

"பூராவும் சாப்புட்டாருங்க. தட்டை வழிச்சுக் குடுத்தேன், அதையும் வாங்கிக்கிட்டாரு. எம்மூஞ்சியையேதான் பாத்துட்டிருந்தாரு. நானும் பாத்தனுங்க." பாவாத்தாள் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "டாக்டருக்கும் போன் பண்ணிக் கொழாய் வேண்டாம்னு சொல்லிட்டனுங்க."

வெளியே வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. விரலால் பாயின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு நான் அப்பவே கேட்டிருக்கோணுங்களா சாமி?"

"கேட்டிருந்தா சோறு ஆறிப்போயிருக்கும்" என்றார் சாமியம்மா.